கோப்பை கழுவுகிறவனுக்கு எதற்கு ஜாஸ்?

"அகதிக்கு எதுக்கு உந்தப் பழந்தட்டுகள்?" என்று எங்களைக் கேட்கிறார்கள். கேட்பவர் ஒருவரல்ல. ஊரிலிருந்து ரெலிபோனில் பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். சீட்டுப் பிடிக்கிறவர் கேட்கிறார். லாச்சப்பலில் மரக்கறி வாங்கும்போது எங்கள் கைப்பையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கலைவிழா மேடைகளில் 'எமது பண்பாடு' என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் மூச்சு விடாமல் பேசுகிறவர்களும் கேட்கிறார்கள். ஆளுக்காள் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறோம்.

நாங்கள் என்பது நாலு பேர். பாரிசின் புறநகர் ஒன்றில் ஓர் அறையில் இருக்கிறோம். நாலு பேருக்கும் றெஸ்ரோறன் குசினிகளில் வேலை. இருவர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவர்கள். சோதனை எழுதவேண்டிய வயதில் சோதனைச்சாவடிகளில் நின்ற காலம் அது. மற்ற இருவருக்கும் அந்த இரண்டு வருடமும் கிடைக்கவில்லை. எங்களிடம் இன்று இருநூற்றுச் சொச்சம் ஜாஸ் இசைத்தட்டுகள் உள்ளன. கட்டிலுக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் வைத்திருக்கிறோம்.

எங்கள்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் நாலு. ஒன்று, காசை வீணாக்குகிறோம். இரண்டு, இது வசதியான வெள்ளைக்காரரின் மோஸ்தர், நாங்கள் அவர்களைப்போல வேஷம் போடுகிறோம். மூன்று, இது 'கறுவலின்ரை கூத்து'. நாலு, எங்கள் சங்கீதத்தில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே வாயால் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. எங்கள் வேலையில் பாதியை அவர்களே செய்து தருகிறார்கள்.

*

முதலில் காசு. கோடைகாலத்து ஞாயிறுகளில் பிரெஞ்சுச் சனம் வீட்டு நிலவறையைத் துடைத்துத் தெருவில் பரப்பி விற்கிறதே, அந்தப் பழஞ்சாமான் சந்தைகளில்தான் நாங்கள் வாங்குகிறோம். ஒரு தட்டு ஒரு யூரோ, இரண்டு யூரோ. ஐந்துக்கு மேலே என்றால் நாலு பேரும் கூடிப் பேசித்தான் முடிவு. தட்டுச் சுழற்றும் பெட்டி ஒன்று ஒரு கிழவியின் வீட்டு மாடிப்படியை ஏறி இறங்கித் தளபாடம் தூக்கிக் கொடுத்ததற்குக் கூலியாகக் கிடைத்தது. மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபமும் குதிரைவண்டியும் பிடித்து, வீடியோக்காரருக்கு மட்டும் எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கிறவர்கள் சிக்கனம் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பது வேடிக்கை.

ஆனால் இது காசுக் கணக்கு அல்ல. இதன் அடியில் வேறொரு கணக்கு இருக்கிறது. அகதி என்றால் வேலை செய்கிற இரண்டு கை, காசு அனுப்புகிற மூன்றாவது கை. காது அந்தக் கணக்கில் இல்லை. அவன் தூங்கலாம், குடிக்கலாம், சண்டை பிடிக்கலாம், கோயிலுக்குப் போகலாம். பிரயோசனம் இல்லாத ஒன்றை அக்கறையோடு நேசிக்கக் கூடாது. அதற்கு முதலில் 'விசா' கிடைக்கவேண்டும், பிறகு கடன் முடியவேண்டும், பிறகு வீடு வாங்கவேண்டும். இந்த வரிசை முடியும்போது ஆளுக்கு அறுபது வயதாகிவிடும், காதும் போய்விடும்.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்ட சனம் நாம். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் கசெற்றில் பாடகரின் குரலும் சோரும். நாங்கள் நாலு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள், சுற்றுவதற்குச் சண்டை பிடித்தவர்கள். குண்டு விழுகிற ஊரில் பாட்டு எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இங்கே, சுவரில் மின்சாரம் இருக்கிற இடத்தில்தான் அந்தக் கேள்வி வருகிறது.

*

அடுத்து, 'வெள்ளைக்காரரின் மோஸ்தர்'. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் வேலை செய்கிற கடைகளிலிருந்துதான். முன்பக்கத்தில், மெழுகுதிரி எரிகிற மேசைகளுக்கு மேலே, மைல்ஸ் டேவிஸின் ட்றம்பெற் மெல்லிதாக ஒழுகிக்கொண்டிருக்கும். 'கைண்ட் ஒஃப் புளூ' அநேகமாக எல்லாக் கடையிலும் உண்டு. வைனுக்கு விலை ஏற்ற அது உதவுகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் கோப்பை கழுவும் மெஷினின் இரைச்சல். கதவு திறந்து மூடுகிற அந்த இரண்டு செக்கனில் மட்டும் எங்களுக்கு ஒரு துண்டு கேட்கும். முன்னால் இருக்கிறவர்கள் கேட்பதில்லை, சாப்பிடுகிறார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் நாங்கள் ஜாஸ் கேட்கப் பழகினோம்.

அந்தத் தட்டின் கதையைக் கேளுங்கள். 'கைண்ட் ஒஃப் புளூ' 1959 ஓகஸ்ட் 17 இல் வெளிவந்தது. அடுத்த வாரமே, நியூயோர்க்கில் பேர்ட்லண்ட் என்ற கிளப்பின் வாசலில் மைல்ஸ் டேவிஸ் நின்றார். உள்ளே வாசித்துவிட்டு, இடைவேளையில் காற்று வாங்கவும் சிகரெற் பிடிக்கவும் வெளியே வந்திருந்தார். கிளப்பின் முகப்பில் அவரது பெயர்தான் எழுதியிருந்தது. அங்கே நிற்காதே, நகரு என்றது பொலிஸ். நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்றார் அவர். மண்டை உடைந்தது. இரத்தம் வழிந்த வெள்ளை உடுப்போடு கைது செய்து கொண்டுபோனார்கள். இடைவேளையில் குசினிப் பின்கதவுக்கு வெளியே நின்று சிகரெற் பிடிக்கிற எங்கள் ஆட்களில், பொலிஸ்காரரைக் கண்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குள் கடதாசி தேடாதவர் யார்? இது யாருடைய மோஸ்தர்?

1939 இல் சார்லி பாக்கர் என்ற பொடியன் நியூயோர்க்குக்கு வந்தான். ஹார்லெமில் ஜிம்மிஸ் சிக்கின் ஷாக் என்ற சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். வாரம் ஒன்பது டொலர். அந்தக் கடையில்தான் ஆட் டேற்றம் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அநேகமாகப் பார்வையற்றவர், அவரது கைவேகத்துக்கு ஈடு அன்று யாரும் இல்லை. பாக்கர் கழுவித் துடைத்தபடியே அவரைக் கேட்டான். ஆறேழு வருடம் கழித்து அல்ற்றோ சக்ஸபோனில் ஓர் இசையின் போக்கையே மாற்றினான். பிற்பாடு மல்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த இளைஞரும் 1940களில் அதே கடையில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்தான். எங்கள் வேலையைச் செய்தவர்களின் இசை இது. முன்பக்கத்துச் சனம் அதைப் பின்னர் வாங்கி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். நியூயோர்க் நகரில் 1940 முதல் 1967 வரை 'கபரே காட்' என்றொரு அட்டை இருந்தது. மது விற்கிற, இசை நிகழ்ச்சி நடக்கிற இடங்களில் வேலை செய்வதற்கு அந்த அட்டை வேண்டும். இசைக்காரருக்கு மட்டுமல்ல, பரிமாறுகிறவருக்கும் குசினிக்காரருக்கும் வேண்டும். கொடுப்பது பொலிஸ், பறிப்பதும் பொலிஸ். விரல் அடையாளம் எடுத்துத்தான் கொடுப்பார்கள். பில்லி ஹொலிடே 1947 இல் சிறைக்குப் போனதோடு அவருடைய அட்டை போனது. 1948 இல் கார்னேகி மண்டபத்தில் பாடி அரங்கை நிறைத்தார், அங்கே மது விற்பதில்லை. ஆனால் தெருமுனைக் கிளப்பில் பாடமுடியாது. 1959 இல் சாகும்வரை அந்த அட்டை திரும்பவில்லை. தெலோனியஸ் மொங்கின் அட்டை 1951 இல் பறிபோனது. காருக்குள் அகப்பட்ட போதைப்பொருள் அவருடையதல்ல, கூட இருந்த நண்பர் பட் பவலைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். விளைவு, ஆறு வருடம் சொந்த ஊரிலேயே கிளப் ஒன்றில் வாசிக்கமுடியாத இசைக்காரராக வீட்டில் இருந்தார்.

காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக வேலை இழந்தவர். விரல் அடையாளம் கொடுத்து வேலை அட்டை வாங்கியவர்கள். இந்த வசனங்களை நமது சனத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய தேவை இருக்கிறதா? ஐரோப்பாவுக்குள் காலடி வைத்த அன்றே பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தியவர்கள் நாம். மொங்கின் பியானோவைக் கேட்க எங்களுக்குப் படிப்பு வேண்டியதில்லை, அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் அட்டையின் தூரம்தான்.

*

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறோம். இதில் மரியாதை பார்க்கப்போவதில்லை. 'கறுவல்', 'காப்பிலி' என்ற சொற்கள் நமது கடைகளில், கோயில் அன்னதான வரிசையில், பிள்ளைகளுக்கு முன்னால் சாதாரணமாகப் புழங்குகின்றன. ஒரே மெற்றோவில், ஒரே அதிகாலையில், ஒரே மாதிரியான வேலைக்குப் போகிற மாலிக்காரரையும் கொங்கோக்காரரையும் நாம் இப்படித்தான் அழைக்கிறோம். எங்கள் குசினிகளில் பக்கத்தில் நின்று சட்டி உரஞ்சுகிறவர் அவர்தான். எங்களில் ஒருவருக்குக் கை வெந்தபோது வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? யாழ்ப்பாணத்தில் பறை முழங்கினால்தான் பிணம் எழும்பும். முழக்கியவர் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். அவருக்குத் தனிக் கோப்பை. வாசிப்பு வேண்டும், வாசிக்கிறவர் வேண்டாம். அமெரிக்கா இதையே ஜாஸுக்குச் செய்தது. ஹார்லெமின் கொற்றன் கிளப்பில் 1927 இலிருந்து டியூக் எலிங்டனின் வாத்தியக் குழு வாசித்தது. மேடையில் கறுப்பர், மேசைகளில் வெள்ளையர். எலிங்டன் இசைக்கிற இடத்தில் எலிங்டனின் சனம் விருந்தாளியாக உட்காரமுடியாது. முதலாவது ஜாஸ் இசைத்தட்டு என்று வரலாறு குறிப்பது 1917 இல் வெள்ளையர் குழு ஒன்று பதிந்ததைத்தான். கிங் ஒலிவரின் குழு, இளம் லூயி ஆம்ஸ்ரோங்கோடு, 1923 இல் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனற் கம்பனிக்காக முதல் தட்டுகளைப் பதிந்தது. அதே கம்பனி கூக்ளக்ஸ் கிளானுக்கும் காசு வாங்கித் தட்டு அச்சடித்துக் கொடுத்தது. கொலம்பியா கம்பனிக்காகப் பெஸ்ஸி சிமித் பாடிய தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. அவருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும், விற்பனையில் பங்கு கிடையாது.

தனிக் கோப்பையை விட்டுவிட்டு விமானம் ஏறினோம் என்று சொல்கிறோம். அது பெட்டிக்குள் இருந்து வந்திருக்கிறது. இங்கே அதைக் கறுப்பருக்கு நீட்டுகிறோம். 'நாங்கள் அமைதியான சனம், உழைக்கிற சனம், அவங்களைப்போல இல்லை' என்று முதலாளியிடம் சொல்லிப் பெருமைப்படுகிறோம்.

இந்தப் பெருமைக்குப் பாரிஸ் நகரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1918 இல் ஜேம்ஸ் றீஸ் யூரோப்பின் தலைமையில் ஹார்லெமிலிருந்து வந்த கறுப்புப் படைப்பிரிவின் வாத்தியக் குழு பிரான்ஸ் முழுக்க வாசித்தது. அமெரிக்க இராணுவம் அவர்களைத் தன் வெள்ளைப் படையோடு சேர்க்க மறுத்து, பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ்ச் சண்டைக்கு விட்டது. பிறகு சிட்னி பெஷே, கென்னி கிளார்க், பட் பவல் என்று பலர் இங்கே வந்து தங்கினார்கள். பாரிஸ் அவர்களைக் கொண்டாடியது. உண்மை. ஆனால் 1961 ஒக்ரோபர் 17 இரவு, ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் போன அல்ஜீரியர்களை இதே நகரத்துப் பொலிஸ் அடித்தது, சுட்டது, சென் ஆற்றில் தூக்கிப் போட்டது. பட் பவல் அந்த வருடம் இங்கேயுள்ள கிளப்களில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வெளிநாட்டவனுக்குக் கைதட்டு, இன்னொருவனுக்கு ஆறு. யாருக்கு எது என்று தீர்மானிப்பவர் நாமல்ல. இன்றைக்கு நமக்குக் கைதட்டு என்றால் நாளைக்கும் அப்படித்தான் என்று எழுதித் தந்தவர் யாரும் இல்லை.

*

நாலாவது, 'எங்களிடம் இல்லாததா?' இதைச் சொல்கிறவர்களுக்கு உலகத்தில் எதைக் காட்டினாலும் அது ஏற்கனவே நம்மிடம் இருந்தது. ஆகாயவிமானமும் இருந்தது.

நமது சங்கீதம் பெரியது. அதில் சண்டை இல்லை. தவில் தெட்சணாமூர்த்தியின் தனி ஆவர்த்தனத்தை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்த காதுதான் மக்ஸ் றோச்சின் ட்றம்ஸை உடனே பிடித்துக்கொண்டது. மனோதர்மம் என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு ஜாஸ் அந்நியமாக இராது. ஆனால் ஒன்றைக் கேட்கத் தெரிவது மற்றொன்றைக் கேட்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. தெட்சணாமூர்த்தியைப் புகழ்கிறவர்கள் எத்தனை பேர் அவரை ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்கிறார்கள்? பெருமைக்கு வைத்திருக்கிற சங்கீதம் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற பீங்கான். அதில் யாரும் சாப்பிடுவதில்லை.

எங்கள் பெட்டியில் 'சக்தி' என்றொரு தட்டு இருக்கிறது. 1975 இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கச்சேரியின் பதிவு, 1976 இல் வெளிவந்தது. ஜோன் மக்லோக்லின் கிற்றார், சாகீர் ஹுசைன் தபேலா, விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம், எல். சங்கர் வயலின். அந்த வயலின்காரரின் தகப்பனார் லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்தவர். சங்கர் வளர்ந்தது அங்கேதான். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போனது. நமது இடப்பெயர்வுப் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கிற வருடம் அது. அந்த ஓட்டத்தின் மறுமுனையில் ஒரு வில் ஜாஸ்காரரின் கிற்றாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறது. 'எமது', 'அவர்களது' என்று கோடு போடுகிறவர்கள் இந்தத் தட்டை எந்த அலுமாரியில் வைப்பார்கள்?

தட்டு என்ற பொருளே அந்தக் கோட்டுக்கு அடங்குவதில்லை. நிமிடத்துக்கு 78 தரம் சுற்றிய பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சி சுரந்த பிசினைக் கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்தவர்கள் பழங்குடிச் சனம். அவர்கள் சுரண்டிய அரக்கில்தான் ஆம்ஸ்ரோங்கின் மூச்சு பதிந்தது.

*

சேகரிப்பு என்ற சொல்லைப் பற்றியும் பேசவேண்டும். இந்த உலகத்தில் எங்களுக்குப் பகைவர்கள் நமது சனத்தில் மட்டும் இல்லை. காசுள்ள சேகரிப்பாளர் என்றொரு வகை உண்டு. அவருக்கு இசையைவிட அச்சு முக்கியம். புளூ நோட் கம்பனியின் லேபலில் எந்தத் தெரு விலாசம் இருக்கிறது, உள்விளிம்பில் என்ன எழுத்துப் பொறித்திருக்கிறது என்று பூதக்கண்ணாடியால் பார்ப்பார். 1966 வரை பிளாஸ்ரிலைற் தொழிற்சாலையில் அச்சான அந்தத் தட்டுகளின் உள்விளிம்பில் காதுபோல ஒரு சின்னக் குறி இருக்கும். காது இருந்தால் விலை பலமடங்கு. வாங்கிப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். தட்டுக்குக் காது இருக்கிறது, வைத்திருக்கிறவருக்கு இல்லை.

ஹாங்க் மொப்லி என்ற ரெனர் சக்ஸபோன்காரரின் 1957 ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று, இலக்கம் 1568, இன்று பல ஆயிரம் டொலருக்குக் கைமாறுகிறது. மொப்லி தனது கடைசிக் காலத்தில் நிலையான வீடுமில்லாமல், வாசிக்க உடல்நலமும் இல்லாமல் இருந்து 1986 இல், 55 வயதில் செத்துப்போனார். அந்தத் தட்டின் ஒரு பிரதியின் இன்றைய விலை அவருக்குப் பல மாத வாடகையாக இருந்திருக்கும்.

ஆனால் புளூ நோட்டைத் தொடங்கியவர்கள் யார் என்று பாருங்கள். அல்பிரட் லயன், பேர்லினிலிருந்து போன யூதர். 1939 ஜனவரியில் இரண்டு பியானோக்காரரைக் கூட்டிவந்து முதல் பதிவைச் செய்தார். அந்த வருடமே நாசிகளிடமிருந்து தப்பி வந்த நண்பர் பிரான்சிஸ் வூல்ஃப் கூடச் சேர்ந்தார். இசைக்காரருக்குக் கிளப் வேலை முடிந்த பிறகு, விடியப்புறத்தில், சாப்பாடும் குடிக்கவும் கொடுத்துப் பதிந்தார்கள். பதிவுக்கு முன் ஒத்திகை பார்க்கவும் காசு கொடுத்தார்கள், மற்றக் கம்பனிகள் அதைச் செய்வதில்லை. 1950களில் அந்த ஒலியைப் பதிந்த றூடி வான் கெல்டர் பகலில் கண்ணுக்குக் கண்ணாடி பார்க்கிறவர், பதிவு நடந்தது பெற்றோர் வீட்டு முன்னறையில். அகதிகள் இருவர், பகல் வேலைக்காரர் ஒருவர், இரவு வேலைக்காரர் பலர். 'அகதிக்கு எதுக்கு' என்று அன்றைக்கு யாராவது கேட்டு அவர்களும் தலையாட்டியிருந்தால் உலகத்துக்கு அந்தத் தட்டுகள் இல்லை.

*

இனிச் சந்தோஷத்தைப் பற்றி. வாதாடிக்கொண்டே போனால் நாங்கள் நியாயத்துக்காகத்தான் ஜாஸ் கேட்கிறோம் என்று நினைப்பீர்கள். இல்லை. சுகமாக இருக்கிறது என்பதால் கேட்கிறோம்.

திங்கட்கிழமை எங்களில் மூவருக்கு லீவு. நாலாமவர் இரவு பன்னிரண்டரைக்கு வருவார். அவர் கால்கழுவி, சோறு போட்டுக்கொண்டு இருந்த பிறகுதான் தட்டு வைப்போம். முதலில் துணியால் துடைப்பது, பிறகு ஊசியை மெல்ல இறக்குவது. அந்தச் 'சரசர' சத்தம் எங்களுக்குத் தொந்தரவில்லை, தாச்சியில் எண்ணெய் காய்கிற சத்தம் அது. பிறகு லூயி ஆம்ஸ்ரோங்கின் 'வெஸ்ற் எண்ட் புளூஸ்'. 1928 ஜூன் 28 இல் சிக்காகோவில் பதிந்தது. துணை ஒன்றுமில்லாமல் ட்றம்பெற் தனியே எழும்பிப் பதின்மூன்று செக்கன்போல நிற்கும், ஏறும், உடைந்து விழும், பிறகு மற்றவர்கள் வந்து தாங்கிப் பிடிப்பார்கள். மூன்று நிமிடச் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும், அந்தத் தட்டில் இடம் அவ்வளவுதான். அந்தப் பாட்டை ஆக்கிய கிங் ஒலிவர் 1938 இல் சவானா நகரில் பில்லியட் கூடமொன்றைக் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தபடி செத்தார். அதைத் தெரிந்த பிறகு கேட்டாலும் பாட்டில் அழுகை இல்லை. அதுதான் அதிசயம்.

மொங்கைக் கேட்பது வேறு வேலை. 'பிரிலியண்ட் கோர்ணர்ஸ்', 1956 இல் அட்டை இல்லாத காலத்தில் பதிந்தது. தலைப்புப் பாட்டை இருபத்தைந்து தரம் முயன்றும் ஒரு தரமாவது முழுதாக வாசிக்க முடியவில்லை, கடைசியில் துண்டுகளை ஒட்டித்தான் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த இடத்தில் சத்தம் வராது. ஒரு கணம் தாமதித்து, பிழையான படியில் கால் வைத்ததுபோல வரும், ஆனால் விழமாட்டார். முதன்முறை கேட்டபோது 'உதென்ன, ஆள் பழகுறாரோ' என்றார் எங்களில் ஒருவர். மூன்றாம் மாதம் அவரே அந்தத் தாமதத்துக்காகக் காத்திருந்து தொடையில் தட்டினார். நாள் முழுக்க 'கெதியா, கெதியா' என்று விரட்டப்பட்டவனுக்கு ஒரு மனிதர் வேண்டுமென்றே பிந்தி வருவதைக் கேட்பதில் இருக்கிற ஆறுதலை எப்படிச் சொல்வது?

சிரிப்பும் உண்டு. பழஞ்சாமான் சந்தையில் அதிகம் அகப்படுவது சிட்னி பெஷே. அவர் 1949 இல் பாரிசில் பதிந்து பிரபலமான பாட்டின் பெயர் 'லே ஒஞ்ஞோன்', அதாவது வெங்காயங்கள். நாளைக்குப் பதினைந்து கிலோ வெங்காயம் உரிக்கிற எங்கள் ஆள் அதைத் தன் தேசியகீதம் என்கிறார்.

அட்டைகளும் ஒரு சந்தோஷம். மக்ஸ் றோச்சின் 1960 ஆம் ஆண்டு 'வி இன்சிஸ்ற்' தட்டின் அட்டையைப் பாருங்கள். சாப்பாட்டுக் கடையின் மேசை, மூன்று கறுப்பு இளைஞர் உட்கார்ந்து நேராக எங்களைப் பார்க்கிறார்கள், மேசைக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு பரிமாறுகிறவர். அந்த வருடம் பெப்ரவரியில் கிறீன்ஸ்பரோ நகரில் நாலு மாணவர்கள் வெள்ளையருக்கான மேசையில் உட்கார்ந்து கோப்பி கேட்டதன் எதிரொலி. உள்ளே அபி லிங்கன் பாடுகிறார், ஓர் இடத்தில் பாட்டை விட்டுவிட்டு அலறுகிறார். அந்தப் பக்கத்தை எங்களால் சோற்றோடு கேட்க முடிவதில்லை.

அபி லிங்கன் என்றதும் ஒன்று. இந்த இசையையும் ஆண்கள் தங்கள் சொத்தாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்ரோங்கை ஒலிவரின் நிழலிலிருந்து வெளியே தள்ளிய பியானோக்காரி லில் ஹாடினை 'மனைவி' என்று ஒரு வரியில் முடிப்பார்கள். மேரி லூ வில்லியம்ஸிடம் போய் மொங்கும் பவலும் கற்றுக்கொண்டார்கள். அதுவும் அடிக்குறிப்பு. புனிதர்களைத் தேடி நாங்கள் ஜாஸுக்குப் போகவில்லை, ஊரில் அந்த வியாபாரத்தைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

*

ஆகவே சொல்வது இதுதான். எங்களைப்போலவே எல்லோரும் ஜாஸ் கேளுங்கள் என்று கேட்கவில்லை. பிடிக்காவிட்டால் விடுங்கள். ஆனால் உழைக்கிறவனின் காதுக்கு வேலி போடாதீர்கள். 'எமது பண்பாடு' என்று பேசுகிற மேடையில் பறை அடிப்பவருக்கு முன்வரிசையில் கதிரை போடுங்கள், பிறகு மிச்சத்தைப் பேசலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குக் 'கறுவல்' என்ற சொல்லை இனி யாரும் படிப்பிக்காமல் விடட்டும். அது புத்தகத்தில் இல்லை, பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது.

1939 இல் பில்லி ஹொலிடே நியூயோர்க்கின் கபே சொசைற்றியில் 'ஸ்ட்ரேஞ் ஃபுரூட்' பாடத் தொடங்கினால், பரிமாறுகிறவர்கள் வேலையை நிறுத்திவிடவேண்டும் என்பது கடை உரிமையாளரின் கட்டளை. விளக்குகள் அணையும், அவரது முகத்தில் மட்டும் வெளிச்சம். மரத்தில் தூக்கப்பட்ட கறுப்பு உடல்களைப் பற்றிய பாட்டு முடியும்வரை யாருக்கும் சாப்பாடு இல்லை, வைன் இல்லை. தட்டு ஏந்தியவர்களும் நின்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கடையில் வேலை கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் திங்கட்கிழமைகளில் எங்கள் அறையில், எங்கள் செலவில், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பாட்டு முடியும்வரை பேசாமல் இருந்தால் போதும்.